அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளர்கள்: கேள்வி பதில்

கேள்வி: கேன்சஸ் ஸ்டேட் கல்லூரியில் பயிற்சியாளர் பில் ஸ்னைடருக்கு 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு டை. 65 சதவீதம்கூட வரவில்லை. அவரைப் போய் மேதை என்கிறார்களே?

பதில்: 1988 முடிவில் அவர் கையில் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். 27 ஆட்டங்களாக ஒன்றில்கூட ஜெயிக்காத அணி. ஒரு டை, மற்றதெல்லாம் தோல்வி. மொத்த வரலாற்றில் 500க்கு மேல் தோல்வி. உயர்மட்டப் பிரிவில் அந்த எண்ணை முதலில் தொட்டது அவர்கள்தான். சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்தும் பவுல் ஆட்டத்தை அதுவரை ஒரே முறை, 1982இல் ஆடியிருந்தார்கள். அதிலும் தோல்வி.

முதல் வருடம் 1-10, அதாவது ஒரு வெற்றி, பத்து தோல்வி. அந்த ஒரு வெற்றியும் நார்த் டெக்சஸோடு, 20-17 என்று மயிரிழையில் வந்தது. 1990இல் 5-6, 1991இல் 7-4, 1993இல் 9-2-1. அப்புறம் 2003 வரை வரிசையாக 11 வருடம் பவுல் ஆட்டம். அந்த 2003இல் ஓக்லஹோமாவை 35-7 என்று அடித்து, தங்கள் லீக்கான பிக் 12இன் பட்டம். லேசான அணிகளாகப் பார்த்து அட்டவணை போட்டார் என்ற குறை உண்மைதான். ஆனால் ஜெயிக்கவே மறந்துபோன பையன்களுக்கு முதலில் அதுதான் தேவைப்பட்டது. 2005இல் அவர் விலகியதும் அடுத்து வந்தவர் மூன்று சீசனில் 17-20. 2009இல் ஸ்னைடரையே திரும்ப அழைத்தார்கள்.

தயவுசெய்து சதவீதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: சார், கார்டியோலா பற்றி?

பதில்: அது சாக்கர். இங்கே முட்டை வடிவப் பந்து மட்டும்.

கேள்வி: பென் ஸ்டேட்டில் பில் ஓ'பிரையன் 15-9தானே? சுமார்தான்.

பதில்: 2012இல் அவர் வந்த சில மாதங்களில் அவர் வருவதற்கு முன் நடந்த விவகாரத்துக்காகக் கல்லூரிக்கு நான்கு வருட பவுல் தடை, ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஸ்காலர்ஷிப்களில் பல வெட்டு. எந்த ஆட்டக்காரரும் வழக்கமான ஒரு வருடம் காத்திருக்காமல் வேறு கல்லூரிக்குப் போய் ஆடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் 8-4. என் கணக்கில் அது பெரிய சாதனை.

கேள்வி: ஆபர்னில் ஜீன் சிசிக்கின் வெற்றிச் சதவீதம் எவ்வளவு?

பதில்: மறுபடி சதவீதமா? மேலே படியுங்கள்.

கேள்வி: இண்டியானாவில் சிக்னெட்டி வந்த முதல் வருடமே, 2024இல், 11-2. முந்தைய வருடம் 3-9. 'கையில் கிடைத்தது' என்ற வாதம் இங்கே எடுபடவில்லையே?

பதில்: நல்ல கேள்வி. 2021 முதல் கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டியதில்லை. சிக்னெட்டி தன் பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டி வந்தார். இன்றைய ஆளை ஸ்னைடர் காலத்து அளவுகோலால் அளக்கக் கூடாது.

கேள்வி: மயாமியில் லேரி கோக்கர் 60-15, 2001இல் தேசியப் பட்டம். அவரைப் போய் நீக்கினார்களே, அநியாயம்!

பதில்: 2001 அணியைச் சேர்த்தது புட்ச் டேவிஸ். சுமார் 30 ஸ்காலர்ஷிப் வெட்டோடு தவித்து, 1997இல் 5-6 வரை இறங்கி, 2000இல் 11-1க்கு ஏற்றிவிட்டு, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். போனார். கோக்கர் வந்தபோது சமையல் முடிந்திருந்தது.

கேள்வி: அப்போ கோக்கர் வெறுமனே பரிமாறியவரா? டேவிஸ் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஆறு வருடமும் அஃபென்ஸை, அதாவது தாக்கி ஆடும் பக்கத்தை, நடத்தியவரே கோக்கர்தான்!

பதில்: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது கொஞ்சம் கடுமைதான். அந்த ஆட்டக்காரர்களை வளர்த்ததில் அவருக்கும் பங்கு உண்டு. நிறைந்த அணியைக் குலையாமல் 12-0 வரை கொண்டுபோவதும் லேசான காரியமில்லை. எத்தனையோ பேர் அங்கேதான் சறுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் நீக்கியது தப்புதானே?

பதில்: இல்லை. வருடவாரியாகப் பாருங்கள்: 12-0, 12-1, 11-2, 9-3, 9-3, 7-6. டேவிஸ் சேர்த்தவர்கள் படித்து முடித்து வெளியேற வெளியேற எண்ணிக்கை இறங்குகிறது. 2006இல் 7-6 ஆடியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே கோக்கர் சேர்த்த பையன்கள்.