தவளைக் கருவும் வேதிப்பொருள்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லித்தியம் உப்பில் நனைத்த தவளைக் கருவுக்குத் தலை மட்டுமே வளர்வது ஏன்?

ஆப்பிரிக்க நகத் தவளையின் கருவை, அது 32 செல்களாகப் பிரிந்திருக்கும் வேளையில், 0.3 மோலார் லித்தியம் குளோரைடு கரைசலில் சில நிமிடங்கள் வைத்து எடுத்தால், சில நாள்களில் உடலும் வாலும் இல்லாத ஓர் உருண்டையைக் காணலாம். உருப்பெருக்கியின் அடியில் பார்த்தால், கண்ணின் கருநிறமி அதைச் சுற்றி வளையமாகப் படர்ந்திருக்க, நடுவில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். இயல்பான கருவில் ஜிஎஸ்கே-3 என்னும் நொதி, பீட்டா-கேட்டனின் புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றி, அதைச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. முதுகுப்புறத்தில் மட்டும் அந்தச் சிதைவு தடுக்கப்படுவதால், அங்கே அப்புரதம் தேங்கி, முதுகுக்கும் தலைக்கும் உரிய மரபணுக்களை இயக்குகிறது. லித்தியம் அந்த நொதியை எல்லாச் செல்களிலும் முடக்குவதால், கரு முழுவதும் முதுகுப்புறமாகிவிடுகிறது. செல்லுக்குள் சைகைகளைக் கடத்த உதவும் இனோசிட்டால் என்னும் சிறு மூலக்கூறு லித்தியத்தால் குறைவதே காரணம் என்று முன்பு பலர் கருதினர். அதன் இயற்கை வடிவமான மயோ-இனோசிட்டாலைச் செலுத்தியபோது கருக்கள் இயல்பாக வளர்ந்தது அதற்கு வலுவான சான்றாகவும் இருந்தது. ஆனால் இனோசிட்டாலை உருவாக்கும், லித்தியத்தாலும் தடைபடும் நொதியான இனோசிட்டால் மோனோபாஸ்பட்டேஸை மட்டும் தடுக்கும் வேறொரு சேர்மம் இவ்விளைவைத் தரவில்லை என்று 1996இல் ஆய்வாளர்கள் கிளைனும் மெல்டனும் காட்டினர். என் பார்வையில், அந்த ஒப்பீடே வழக்கைத் தீர்த்தது.

அதே லித்தியத்தைப் பின்னர் கொடுத்தால்?

விளைவு ஏறத்தாழ நேர்மாறாகும். கருவின் அடுக்குகள் உருவாகத் தொடங்கும் கட்டத்தில் கொடுத்தால் முன்மூளை குன்றுகிறது. அதே பீட்டா-கேட்டனின் அப்போது பின்பகுதியை வளர்க்கும் ஆணையாகிவிடுவதே காரணம். ஆகவே எந்தப் பொருள், எவ்வளவு என்று மட்டும் எழுதி, எந்தக் கட்டத்தில் என்று குறிப்பிடாத ஆய்வுக் குறிப்பை நான் ஏற்பதில்லை.

ஆக்டினோமைசின்-டி ஆர்என்ஏ உருவாவதைத் தடுத்தும், தொடக்கப் பிளவுகள் நிற்காதது ஏன்?

முதல் 12 பிளவுகள் வரை, அதாவது ஏறத்தாழ 4,000 செல்கள் ஆகும் வரை, கரு தாய் முட்டையில் சேமித்து வைத்த ஆர்என்ஏவைக் கொண்டே வாழ்கிறது. புரத உருவாக்கத்தைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு அப்படியல்ல. ஒவ்வொரு பிளவுக்கும், அதைத் தூண்டும் புரதமான சைக்ளினைப் புதிதாக உருவாக்க வேண்டியிருப்பதால் பிளவு உடனே தடைபடுகிறது.

பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் தலைப்பிரட்டையின் முதுகுநாண் அலைபோல் நெளிவது எதனால்?

முதுகுநாண் என்பது கருவின் முதுகு நெடுகிலும் ஓடி உடலைத் தாங்கும் தண்டு. நாபாம் போன்ற, டைதயோகார்பமேட்டு வகைப் பூஞ்சைக்கொல்லிகள் மிகச் சிறிய அளவிலேயே அதை நெளியச் செய்கின்றன. இவை தாமிரத்தைப் பற்றிக்கொள்பவை. முதுகுநாண் உறையின் கொலாஜன் என்னும் புரத இழைகளைக் குறுக்காகப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதியோ தாமிரம் இன்றி இயங்காது. பிணைப்பு தளர்ந்த உறைக்குள், தலைப்பிரட்டை முதன்முதலாக உடலை அசைக்கும்போது, அதன் சொந்தத் தசைகளே முதுகுநாணை வளைத்துவிடுகின்றன.