குழந்தைகள் விளையாடும் இடத்தில் எறும்புப் புற்று: பாதுகாப்பாக ஒழிப்பது எப்படி?

ஐப்பசி மழை பிடித்ததும் தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் வயலும் கொல்லையும் ஊறிப்போய், எறும்புகள் மேடு தேடி வந்துவிடும். ஊஞ்சலடியும் வீடு கட்ட இறக்கிய மணல் குவியலும் அவற்றுக்கு மேடுதான், நம் பிள்ளைகளும் அங்கேதான் கிடப்பார்கள்.

புற்று என்றால் மேலே தெரியும் ஓட்டை மட்டும் இல்லை, மண்ணுக்குள் ராணியும் முட்டைகளும் இருக்கும் மொத்தக் குடியிருப்பு. வெளியே திரிகிற எறும்புகளை மருந்தடித்துக் கொன்றாலும் ராணி முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். வயலில் கோரையை மேலாக அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டுவைப்பது மாதிரி.

அதனால் உள்ளே இறங்குகிற வழிதான் சரி. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெரியவர் ஒருவர் கொதிக்கிற வெந்நீரைப் புற்றின் வாயில் மெதுவாக ஊற்றலாம், ஒரே தடவையில் ஆழம்வரை போகாது, சில நாள் விட்டு மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும், செடிப் பக்கம் மட்டும் வேண்டாம், வேர் வெந்துவிடும். சர்க்கரைப் பாகில் கொஞ்சம் போரிக் பவுடர் கலந்து வைத்தால் எறும்பு உடனே சாகாமல் அதைக் கொண்டுபோய் வாய்க்கு வாய் ஊட்டும், ராணிக்கும் போய்ச் சேரும். ஆனால் அது பிள்ளைகளுக்கும் விஷம், விளையாடும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே என் ஓட்டு வெந்நீருக்குத்தான். அப்புறம், சிந்திய தின்பண்டத்தை அன்றன்றே கூட்டிவிடுங்கள்.

எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் ஆபத்தில்லாதது என்று பலர் நம்புகிறார்கள். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி, பிள்ளைகள் கையில் கிடைத்தால் எழுதுகிற சாக்பீஸ் என்றே எடுத்துக்கொள்வார்கள்.