எண்ணெய்க் கை பதில்கள்

தண்டையார்பேட்டையில் உடற்பிடிப்புச் சிகிச்சை நிலையம் நடத்தும் பெண்மணி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: சித்த மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்து தொக்கணம், அதாவது சித்த மருத்துவ முறையில் உடம்பைப் பிடித்துவிடுவது, பழகினேன். வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. 'மசாஜ்' என்று போர்டு வைத்தால் தெருவே ஒரு மாதிரி பார்க்கும் என்று மாமியார் தடுக்கிறார். என்ன செய்யட்டும் அக்கா?
— கொருக்குப்பேட்டை வாசகி

பதில்: உன் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, தங்கையே. தெரு பார்க்கத்தான் செய்யும். அது பார்த்தால் நமக்கு நல்லது என்கிற மாதிரி இடத்தை வைத்துக்கொள்வதுதான் உன் வேலை.

முதலில் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்குப் போய் உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு, வாங்கிவிடு. அதை ஃபிரேம் போட்டு, படி ஏறுகிறவர் கண்ணில் படும்படி மாட்டு. முன் அறைக் கதவு வேலை நேரம் முழுவதும் திறந்தே இருக்கட்டும். சிகிச்சை அறைக்குத் திரையும் வேண்டும், கதவும் வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான். படுத்திருப்பவர் தானே எழுந்து திறந்துகொண்டு வெளியே வர முடிய வேண்டும். வெளியே தாழ்ப்பாள் இருந்தால் இன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றிவிடு.

பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண். என் நிலையத்தில் ஆண்களைக் கவனிக்க ஒருவர் காலையில் மட்டும் வருகிறார். உனக்கு அப்படி ஆள் கிடைக்கும் வரை பெண்கள் மட்டும் போதும். வருமானம் குறையும்தான். ஆனால் முதல் வருடத்தில் உன் பெயர் தெருவில் எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

போர்டு எழுதும்போது பெயின்டர் ஆர்வக் கோளாறில் 'டாக்டர்' என்று சேர்ப்பார். அழிக்கச் சொல். சித்த மருத்துவப் பட்டத்துக்குப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம் படிக்கிறார்கள். தொக்கணம் அந்தப் படிப்பில் சொல்லப்படும் 32 புற மருத்துவங்களில் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதற்குள்ளேயே ஒன்பது வகை. நமக்குத் தெரிந்தது அதில் ஒரு கைப்பிடி. 'சர்க்கரை, பக்கவாதம், புற்றுநோய் குணமாகும்' என்றும் எழுதக் கூடாது. அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்துச் சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தோன்றாது, அது வேறு விஷயம்.

இனி உள்ளே வருகிறவரைப் பற்றி. வந்தவுடன் படுக்க வைக்காதே. நாற்காலியில் உட்கார வை, பேச விடு. என்ன வேலை, எப்போது தூக்கம், என்னென்ன மாத்திரை, எங்கே ஆபரேஷன் ஆனது என்று நிதானமாகக் கேள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்திப் பிடித்தால் உள்ளே ரத்தம் கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். ஒத்தடம் சுடுகிறதா என்று அவர்களைக் கேட்டால் 'சுகமாக இருக்கிறது' என்பார்கள். மறுநாள் கொப்புளத்தோடு வருவார்கள். முதலில் உன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார். பாதத்தில் மரத்துப்போயிருக்கிறது என்று சொன்னவருக்கு அங்கே சூடே வேண்டாம்.

காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு அம்மா என்னிடம் வருவார். வலப்பக்கக் கழுத்து கல்லாக இறுகியிருக்கும். பிடித்துவிட்டால் இரண்டு நாள் சும்மா இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். ஒருநாள், கூடைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய சேலையில் சுற்றியது. ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு, மறுபக்கம் அப்பளமாகத் தட்டையாகிக் கிடந்தது. பாரம் நாள் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. பழைய லுங்கியைக் கிழித்து, என் முன்னாலேயே புதிதாகச் சுற்ற வைத்தேன். கழுத்து அதன்பின் பாதி இளகிவிட்டது. முழுமையான நலம் என்று பெரிய பெரிய நிலையங்களில் பூ மிதக்கும் உருளியும் புல்லாங்குழலுமாக விற்கிறார்கள். எனக்கு அது அந்தச் சும்மாட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான்.

இன்னொன்று. நம் தெருக்களில் எல்லாருக்கும் எல்லாரும் உறவு. கட்டிலில் குப்புறப் படுத்த பெண், முகம் தெரியாத தைரியத்தில், வீட்டுக் கதையெல்லாம் சொல்லி அழுவாள். அடுத்த மணி நேரத்துக்கு அவளுடைய ஓரகத்தியே வந்து படுப்பாள். 'உங்கள் வீட்டிலிருந்து இப்போதுதான் வந்து போனார்கள்' என்றுகூட உன் வாயில் வரக் கூடாது. கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் வாய் ஓட்டையானால் கட்டில் காலியாகத்தான் கிடக்கும். மாமியாரை முன் அறையில் உட்கார வைத்துப் பெயர் எழுதும் வேலையைக் கொடு. தெருவுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். அவரும் கதை பேசாதவராக இருக்க வேண்டும், அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை. காலை பத்து மணியிலிருந்து இரவு வரை நின்றே இருக்கிறேன். நான்கு நாட்களாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது, வலிக்கிறது. நன்றாக உருவிவிட்டால் சரியாகுமா?
— ராயபுரம் வாசகி

பதில்: உருவக் கூடாது. நீங்களும் வேண்டாம், வீட்டில் யாரும் வேண்டாம், என்னைப் போன்றவர்களும் வேண்டாம். இரண்டு காலும் சேர்ந்து மாலையில் கனத்து வீங்குவது பெரும்பாலும் நிற்பதால் வருவது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உள்ளே ஆழத்து நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தி உருவினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும். உயிருக்கே ஆபத்து. உங்கள் கடிதம் கையில் கிடைத்தவுடனே பத்திரிகை அலுவலகத்தார் மூலம் போன் செய்யச் சொல்லி, ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காகத்தான் இங்கே எழுதுகிறேன். இதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஆட்டோ தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டர் பார்த்து வேறு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு வாருங்கள், காலைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் கடை முதலாளியிடம் ஒன்று கேளுங்கள். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது அவர் போடும் பிச்சை அல்ல. எம்.சி. ரோட்டிலிருந்து என்னிடம் வரும் பெண்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்தவர்கள், 'ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார்' என்கிறார்கள். அந்த முறைப்புக்கு என்னிடம் தைலம் இல்லை.

கேள்வி: கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். இடுப்பிலிருந்து வலது கால் வரை மின்சாரம் மாதிரி இழுக்கிறது. முடிதிருத்தும் கடையில் கழுத்துக்கு நெட்டி எடுத்தால் உடம்பே இலேசாகிறது. இடுப்புக்கும் அப்படி எடுப்பீர்களா?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: எடுக்க மாட்டேன் தம்பி. கழுத்துக்கும் இனி எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்து எலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அபூர்வமாக அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்துவிடுகிறது. அபூர்வம்தானே என்று கேட்பீர்கள். அந்தச் 'சடக்' சத்தத்துக்காக அந்த அபூர்வத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

கால் இழுப்புக்கு வருவோம். உங்கள் பர்ஸ் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது? லாரிக்காரர்கள் வந்தால் எங்கள் ஆள் முதலில் பின் பாக்கெட்டைத்தான் பார்ப்பார். லைசென்ஸ், சுங்கச்சாவடி ரசீது, சாமி படம், எப்போதோ வாங்கிய மருந்துச் சீட்டு எல்லாம் அடைத்து, ஒரு செங்கல் துண்டு கனத்துக்குப் பர்ஸ் இருக்கும். அதன்மேல் ஒரு பக்கம் உயர்ந்து மணிக்கணக்காக உட்காருகிறீர்கள். பிட்டத்துத் தசைக்கு அடியில்தான் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு போகிறது. அதை நீங்களே நசுக்கிக்கொண்டிருக்கலாம். பர்ஸை டேஷ்போர்டில் போடுங்கள், வரிசை நின்றால் இறங்கி நடங்கள், இரண்டு வாரம் பாருங்கள். அதோடு தசையை இளக்கிவிட எங்களால் முடியும்.

ஆனால் கால் பலம் குறைந்து தடுக்கினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வருவதும் போவதும் தெரியாமல் ஆனாலோ எங்களிடம் வர வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: சிகிச்சை அறைக்குள் கேமரா வைத்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும் அல்லவா?
— பெரம்பூரில் நிலையம் நடத்துபவர்

பதில்: துணி விலக்கிப் படுத்திருப்பவர் தலைக்கு மேல் கேமராவா? வரவேற்பு அறையில் வையுங்கள், வாசலில் வையுங்கள். 2021 இறுதியில் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இத்தகைய இடங்களில் கேமரா வைக்கச் சொன்னார். சில நாட்களிலேயே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, உள்ளே கேமரா வைப்பது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றார். இன்றைய நிலை என்ன என்பதை உரிமம் தரும் இடத்தில் கேட்டு நடந்துகொள்ளுங்கள். என் மனத்துக்கு இரண்டாவதுதான் சரி. நம்பிக்கை வர வேறு வழி இருக்கிறது: தொடுவதற்கு முன் 'இப்போது தோளைப் பிடிக்கப்போகிறேன், சரிதானா' என்று கேளுங்கள். பிடிக்கிற இடத்தை மட்டும் திறந்து, மற்றதை விரிப்பால் மூடுங்கள். 'போதும்' என்றால் அந்த நொடியே கையை எடுங்கள். கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ள விரும்பினால் நாற்காலி போடுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை. உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டி, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார் எங்கள் பாட்டி. தடுத்தால் கோபித்துக்கொள்கிறார்.
— வியாசர்பாடி வாசகி

பதில்: பாட்டியின் கைக்குக் கும்பிடு, மூக்கு எண்ணெய்க்குத் தடை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலும் சளியுமாகக் கொண்டுவிடும். காதிலும் வேண்டாம். சேலையில் உருட்டுவதும் வேண்டாம், மூன்று மாதக் கழுத்து அதைத் தாங்காது. குழந்தை விடாமல் அழுதால் டாக்டரிடம் காட்டுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, கை காலை மெல்ல நீவி எண்ணெய் தேய்ப்பதை மட்டும் பாட்டியே செய்யட்டும். அதில் அவரை மிஞ்ச என்னாலும் ஆகாது. அப்படிச் சொல்லியே தடுங்கள், கோபம் வராது.

கேள்வி: பணம் இல்லாதவர்களிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கட்டணம் சுவரில் எழுதியிருக்கிறது, எல்லாருக்கும் ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகில் போகிறவர்களுக்கு உடம்பைக் கவனிக்க நேரம் கிடைப்பதும் அப்போதுதான், கையில் காசு இல்லாததும் அப்போதுதான். அந்த நாட்களில் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். தடைக்காலம் முடிந்து மீன் பட்டதும் கொடுத்துவிடுகிறார்கள். ஓரிருவர் கொடுப்பதில்லை. கேட்டு வாசலில் நிற்க மாட்டேன். இலவசம் என்று மட்டும் சொல்வதில்லை. சொன்னால், தன்மானம் உள்ளவர்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: விரிப்பு, துவாலையில் எண்ணெய் வாடை போகவே மாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம்.
— மூலக்கடை வாசகி

பதில்: நல்லெண்ணெய் துணியில் தங்கிக் காற்றுப் படப்படச் சிக்கு வாடை ஏறும். அன்றன்றைக்கே வெந்நீரில் சலவை சோடா போட்டு ஊற வைத்துத் துவையுங்கள், லாரித் தண்ணீர்தான் என்றாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நன்றாகக் காயாததை மடிக்காதீர்கள். எண்ணெய்த் துணியைச் சூட்டோடு குவித்து வைக்கவும் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. வாடை போகாத துணியைத் தரை துடைக்கப் போட்டுவிடுங்கள். சாம்பிராணி போட்டு மறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், முகத்தைக் கட்டிலில் புதைப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டுக்கு வந்து செய்வீர்களா? இரவு ஒன்பது மணிக்கு மேல் வசதி. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன், தொந்தரவு இருக்காது.
— எண்ணூர் வாசகர்

பதில்: படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மட்டும் வீட்டுக்குப் போவோம். பகலில், வீட்டார் ஒருவர் அதே அறையில் இருந்தால். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் நல்ல நடமாட்டத்தில் இருப்பதாகத் தெரிகிறது. காலை எட்டு மணிக்கு நிலையத்துக்கு வாருங்கள், எங்கள் ஆள் பிடித்துவிடுவார். கை சற்று முரடு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை.