காடைக் கூட்டத்துக்குக் கோத்திரம் என்ன?

கேள்வி: மகனுக்கு வரன் பார்க்கிறோம். பதிவுப் படிவத்தில் ‘கோத்திரம்’ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. எங்களுக்கு ஈரோட்டுப் பக்கம். பெரியவர்கள் ‘நாம காடை கூட்டம்’ என்பார்கள், அவ்வளவுதான். கோயில் அர்ச்சனையில் சிவகோத்திரம் என்று சொல்லிக்கொள்கிறோம். படிவத்தில் எதை எழுதுவது?

பதில்: ‘காடை’ என்றே எழுதுங்கள். கொங்கு நாட்டில் வம்சப் பிரிவைத்தான் கூட்டம் என்கிறார்கள்.

சிவகோத்திரம் என்பது அர்ச்சனைத் தட்டோடு முடிகிற சொல். சங்கல்பத்தில் பெயர், நட்சத்திரத்தோடு கோத்திரமும் சொல்ல வேண்டும். தெரியாதவர்களுக்கு அப்படி ஒரு பொதுப்பெயர். பெருமாள் கோயிலுக்குப் போனால் அதுவே விஷ்ணு கோத்திரம் ஆகிவிடும். இதை வம்சப் பெயராக எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் பங்காளி. கல்யாண மண்டபங்களை இழுத்து மூட வேண்டியதுதான்.

கோத்திரம் என்ற சொல்லுக்கு வேதத்தில் மாட்டுத் தொழுவம் என்று பொருள். பாணினி இலக்கணத்தில் அது பேரன் தொடங்கி வரும் வழித்தோன்றலைக் குறிக்கிறது. பரத்வாஜர், காசியபர், வசிஷ்டர் உள்ளிட்ட ஏழு ரிஷிகளும் அகத்தியரும் மூலவர்கள் என்பது மரபு. உங்கள் கூட்டத்துக்கு ரிஷி கிடையாது, பறவைதான் உண்டு. காடையைப் போலவே ஆந்தைக் கூட்டமும் இருக்கிறது. வேர் வேறானாலும் கோத்திரமும் கூட்டமும் செய்கிற வேலை ஒன்று: ஒரே கூட்டத்தார் பங்காளிகள், தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அதனால்தான் கொங்கு நாட்டில் பலர் ‘காடை குலம்’, ‘காடை கோத்திரம்’ என்றும் சொல்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று ரிஷி பெயர் ஒன்றைக் கடன் வாங்கி எழுதினால், வரன் பார்ப்பவர்களுக்கு நீங்கள் யாருக்குப் பங்காளி என்பதே தெரியாமல் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே கூட்டத்துக்குப் பல ஊர்களில் காணிக்கோயில்கள், அதாவது குலதெய்வக் கோயில்கள், இருக்கும். பெண் வீட்டாரின் குலதெய்வம் வேறு என்பதாலேயே அவர்கள் பங்காளி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், கூட்டத்தைக் கேளுங்கள். உங்கள் மனைவி பிறந்த கூட்டத்தில் பெண் அமைந்தால் தடையில்லை, அது பையனுக்கு மாமன் வீட்டு வழி.

அப்பா வழிதான் எங்கும் கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில் வருகிறது. அப்பாவின் கிளை பிள்ளைக்கு இல்லை. படிவம் தயாரித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நகரத்தாரிடம் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கேட்டால் தங்கள் வம்சப் பிரிவாக இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் அவர்கள் எழுத வேண்டியதும் அதுதான்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரே கோத்திரத் திருமணத்துக்கு இருந்த தடையை 1946-ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கிவிட்டது. 1955-இன் இந்துத் திருமணச் சட்டம் பார்ப்பது நெருங்கிய இரத்த உறவை: அப்பா வழியில் 5 தலைமுறை, அம்மா வழியில் 3. அதிலும் வழக்கத்தில் உள்ள மாமன் மகள், அத்தை மகள் உறவுக்கு விலக்கு உண்டு. கூட்டம் பார்ப்பது உங்கள் ஊர் வழக்கம். பதிவு அலுவலகத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.