ஏடிஎஸ்1115-இல் ±6.144 வோல்ட் வீச்சு: உள்ளே எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: மோட்டார் குழாயில் 0.5 முதல் 4.5 வோல்ட் தரும் அழுத்த சென்சார் பொருத்தியிருக்கிறேன். அதன் வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சிப்புக்கு, அந்த எண்ணைப் படிக்கும் இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 3.3 வோல்ட்டைக் கொடுத்திருக்கிறேன். அளவீட்டு வீச்சை ±6.144 என்று அமைத்தும், அழுத்தம் கூடினால் அளவீடு 3.7 வோல்ட் அருகே நின்றுவிடுகிறது. சிப் பழுதா?

பதில்: முதலில் சென்சாரின் சிக்னல் கம்பியைக் கழற்றிவிடுங்கள். சிப் இன்னும் பிழைத்திருக்கலாம். இப்படியே ஓடவிட்டால் பிழைக்காது.

±6.144 என்பது எண்களைப் பிரிக்கும் கணக்கு மட்டுமே. மூன்றடித் தொட்டிக்குள் ஆறடி அளவுகோலை நட்டு வைத்தாலும் தண்ணீர் மூன்றடியில் வழிந்துவிடும். இந்தச் சிப்பில் தொட்டியின் விளிம்பு, அதற்கு நீங்கள் கொடுக்கும் மின்வழங்கல். எந்த வீச்சை அமைத்தாலும், உள்ளீட்டுக் காலில் மின்வழங்கலை விட 0.3 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. உங்களுக்கு அது 3.6 வோல்ட். கீழ்ப்பக்கமும் கிரவுண்டுக்கு 0.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. டேட்டாஷீட்டில் வீச்சு அட்டவணைக்கு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்தக் குறிப்பைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எல்லை மீறும்போது, காலுக்கும் மின்வழங்கலுக்கும் நடுவே உள்ள பாதுகாப்பு டையோடு திறந்துகொள்கிறது. சென்சாரின் மின்னோட்டம் 3.3 வோல்ட் கம்பிக்குள் பாய்கிறது. அளவீடு ஏறாமல் நிற்பது இதனால்தான்; மற்ற உள்ளீட்டுச் சானல்களும் தடுமாறக்கூடும். அந்த டையோடு வழியே தொடர்ந்து 10 மில்லிஆம்பியருக்கு மேல் போகக்கூடாது.

சிப்பை 5 வோல்ட்டுக்கு மாற்றலாமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது இஎஸ்பி32-உடன் தகவல் பரிமாறும் ஐ2சி கம்பிகளில் குறைந்தது 3.5 வோல்ட்டைத்தான் அது 'உயர்' நிலையாக ஏற்கும். இஎஸ்பி32 தருவது 3.3. மாட்யூலில் அந்தக் கம்பிகளை மின்வழங்கலோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களோ 5 வோல்ட்டை இஎஸ்பி32-இன் கால்களுக்குக் கொண்டுபோய்விடும்.

இரண்டு ரெசிஸ்டர்கள் போதும். சென்சாருக்கும் உள்ளீட்டுக் காலுக்கும் நடுவே 10 கிலோ ஓம், அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 15 கிலோ ஓம். 4.5 வோல்ட் 2.7 ஆகிவிடும், சென்சார் கெட்டு முழு 5 வோல்ட்டைத் தந்தாலும் காலில் 3 வோல்ட்தான். வீச்சை ±4.096 என்று மாற்றுங்கள். எண்ணில் ஒரு படி 125 மைக்ரோவோல்ட், 2.7 வோல்ட்டுக்கு 21600 என்ற எண் வரும். கிடைத்த வோல்ட்டை 5/3-ஆல் பெருக்குங்கள். ±2.048 வேண்டாம், அந்த வீச்சில் 2.048 வோல்ட்டைத் தாண்டியதும் எண் 32767-இலேயே நின்றுவிடும்.

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று 100, 150 கிலோ ஓம் போடாதீர்கள். இந்த வீச்சில் சிப்பின் உள்ளீட்டு மின்தடை சுமார் 6 மெகா ஓம்; அளவீட்டில் 1 சதவீதம் வரை குறைந்துவிடும். 10, 15 கிலோவில் அந்தப் பிழை 0.1 சதவீதம்தான்.

இத்தகைய சென்சார்களில் பலவற்றின் வெளியீடு, அவற்றுக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கும். உங்களுடையதும் அப்படியென்றால், 5 வோல்ட் கம்பியிலும் இதே போன்ற இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டு இன்னொரு சானலில் அளந்து, இரண்டின் விகிதத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடுங்கள்.