கடலோர மனை வாங்கலாமா? பனிக்கட்டியை விடுங்கள், மணலைப் பாருங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஒரு கிரவுண்டு மனை விலைக்கு வருகிறது. கடலிலிருந்து 160 மீட்டர் தொலைவு என்கிறார்கள். துருவப் பனி உருகிக் கடல் உயர்கிறது, 2050-க்குள் அந்த இடமே மூழ்கிவிடும் என்று என் மகன் தடுக்கிறான். தரகரோ, டம்ளர் நீரில் போட்ட பனிக்கட்டி உருகினாலும் நீர் வழியாது என்று ஒரு காணொளியைக் காட்டி, இதெல்லாம் வீண் பயம் என்கிறார். கடலோரச் சட்டத்தின் கட்டுமானத் தடையும் 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்துவிட்டதாம். மனைக்குப் பட்டா இருக்கிறது, வில்லங்கம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் மகன் பயப்படுவதில் அடிப்படை இருக்கிறது, ஆண்டுக் கணக்கில்தான் பிழை. தரகர் காட்டிய டம்ளர் உண்மை, அதை வைத்து அவர் சொன்ன முடிவு பொய். இருவருமே பேசாத வேறொன்று இருக்கிறது. உங்கள் ஓய்வூதியச் சேமிப்பை விழுங்கக்கூடியது அதுதான்.

முதலில் டம்ளரை முடித்துவிடுவோம், ஏனென்றால் இந்தக் காணொளியை இப்போது பல தரகர்கள் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். ஒரு டம்ளரில் நான்கு பனிக்கட்டிகளைப் போட்டு விளிம்புவரை நீர் ஊற்றுங்கள். கட்டிகள் விளிம்புக்கு மேலே தலை நீட்டும். முழுதும் உருகிய பிறகும் ஒரு சொட்டுக்கூட வழியாது. மிதக்கிற பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டதால் அப்படி. வடதுருவக் கடலில் மிதக்கும் பனிக்கு இது பொருந்தும். அடுத்து, அதே டம்ளரை மறுபடி விளிம்புவரை நிரப்பி, அதன் வாயில் காபி வடிகட்டியை வைத்து, பனிக்கட்டியை வடிகட்டிக்குள் போடுங்கள். கால் மணி நேரத்தில் மேசை நனைந்துவிடும். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் இமயமலையிலும் இருப்பது வடிகட்டியில் இருக்கும் பனி. அது நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உருகினால் கடலுக்குப் புதிதாக வந்து சேர்கிறது. காணொளி எடுப்பவர்கள் வடிகட்டியை மட்டும் காட்டுவதே இல்லை.

பனியே இல்லாவிட்டாலும் கடல் உயரும். நீர் சூடானால் விரியும். 1971 முதல் 2018 வரை உயர்ந்த கடல்மட்டத்தில் ஏறத்தாழப் பாதி இப்படி விரிந்ததால் வந்ததுதான். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகின் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1993-இல் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்த வேகம் இப்போது 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து விவாதம் நடத்துவதால் இன்னும் முடிவாகாத செய்தி என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு வேகமாக உயரும், எங்கே எவ்வளவு உயரும் என்பதில்தான் ஆய்வாளர்களிடையே பேச்சு நடக்கிறது.

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது இது. இன்றிலிருந்து 30 ஆண்டுகளில் கூடப்போவது ஏறத்தாழ ஒரு சாண். நூற்றாண்டு முடிவில், நாம் புகையை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அரை மீட்டரை ஒட்டியோ ஒரு மீட்டர் வரையிலோ போகலாம். கடற்கரை முழுவதையும் சிவப்பாகக் காட்டும் வரைபடங்களில் சில, ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளம் எட்டக்கூடிய நிலத்தையும் சேர்த்துக் காட்டுகின்றன. பார்ப்பவர்கள் அதை நிரந்தரமாக மூழ்குவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2050-இல் உங்கள் மனை கடலுக்கடியில் இருக்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் ஒரு சாண்தானே என்று நிம்மதியடைய வேண்டாம். மணற்கரையில் கடல் ஒரு பங்கு உயர்ந்தால் கரை ஐம்பது முதல் நூறு பங்கு பின்வாங்கும் என்பது எங்கள் தொழிலில் பழைய தோராயக் கணக்கு. ஒரு சாணுக்கு அது பத்து, இருபது மீட்டர் ஆகிறது. இதுவும் மணல் ஒழுங்காக வந்து சேரும் கரைக்குத்தான். உங்கள் பகுதியில் மணல் ஒழுங்காக வருவதில்லை.

நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. இதைக் கடலோரத்தில் ஓடும் மணல் ஆறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு கல்சுவர் கட்டினால் தெற்கே மணல் தேங்கும், வடக்கே கரை பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. இந்தப் பாடம் கண்ணெதிரே இருந்தும் 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அதே போன்ற சுவர் கட்டப்பட்டது. நகரத்தின் மணற்கரை காணாமல் போனது. அதைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு கல் முடிந்த இடத்திலிருந்து வடக்கே நகர்ந்தது. சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு மீனவர் குப்பமாகக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் நான் பார்த்த ஓர் உறைக்கிணறு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு காலத்தில் யாருடைய வீட்டுக் கொல்லையிலோ இருந்தது. சுற்றியிருந்த மண்ணெல்லாம் போய், சிமெண்ட் உறைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் புகைபோக்கி போல அலைக்கு நடுவே நின்றன. அந்த வீட்டை அழித்தது கிரீன்லாந்துப் பனி இல்லை. தெற்கே யாரோ கொட்டிய கல் அது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றத்தை அளந்தது. தமிழ்நாட்டுக் கரையில் 42 சதவீதத்துக்கு மேல் அரிப்பில் இருக்கிறது. ஆகவே மூழ்குமா என்று கேட்காதீர்கள். இந்த இடத்தில் கரை ஆண்டுக்கு எத்தனை அடி பின்வாங்குகிறது, தெற்கே புதிதாகத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பு), கல்சுவர், துறைமுகம் ஏதாவது வருகிறதா என்று கேளுங்கள். தரகரிடம் வேண்டாம். அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் கேளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் படகை எங்கே ஏற்றி வைத்தார் என்று கையை நீட்டிக் காட்டுவார்.

இனி, அந்த 160 மீட்டர். எங்கிருந்து எங்கே அளந்தார்கள்? பங்குனி, சித்திரையில் மணல் அகன்று கிடக்கும் நாளில், ஈர மணலில் டேப்பின் நுனியை வைத்து அளந்து காட்டுவது தரகர்களின் வாடிக்கை. வாடைக்காலத்தில் அதே இடத்தில் முப்பது, நாற்பது மீட்டர் குறைந்திருக்கலாம். சட்டம் பார்ப்பது நீர் நிற்கும் இடத்தை இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் நீர் நிலத்தில் எட்டும் மிக உயர்ந்த கோடு, அதாவது உயர் அலைக் கோடு, அதிலிருந்துதான் எல்லாத் தொலைவும் கணக்கிடப்படும். உங்கள் 160 மீட்டர் சட்டப்படி 120 ஆகவும் இருக்கலாம்.

120-ஆ 160-ஆ என்பது உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றுதான், இரண்டுமே 200-க்குள் வருகின்றன. ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத் தடைப் பகுதி. அங்கே இருக்கும் பழைய வீட்டைப் பழைய அளவுக்குள் பழுது பார்க்கலாம், பயிர் வைக்கலாம். வெளியூரிலிருந்து மனை வாங்குபவர் புதிதாக வீடு கட்ட முடியாது. 200-க்கும் 500-க்கும் இடையே, உள்ளூர் வழக்க உரிமைக்கு உட்பட்டு, 9 மீட்டர் உயரத்துக்குள் இரண்டு தளம் வரை அனுமதிக்க வழி இருக்கிறது.

“50 மீட்டராகிவிட்டது” என்ற பேச்சுக்கு ஒரு வேர் உண்டு, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஊரகக் கரையை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதி என்றால் தடை 50 மீட்டர். அதற்குக் குறைந்தால் பழையபடி 200 மீட்டர்தான். கடற்கரையில் வீடுகள் நெருக்கமாக இருப்பதைக் காட்டி, “பாருங்கள், எவ்வளவு நெரிசல்” என்பார்கள். ஆனால் கணக்கில் குப்பம் மட்டும் வராது. தோப்பு, உப்பளம், வயல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரு கிராமத்தின் பரப்பு. 6 சதுர கிலோமீட்டரில் 5,000 பேர் இருந்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 833 பேர்தான் ஆகிறது. 2,161-ஐ எட்ட அதே கிராமத்தில் கிட்டத்தட்ட 13,000 பேர் இருக்க வேண்டும். அப்படி எட்டினாலும் முடியவில்லை. அந்த அறிவிக்கையின்படி மக்கள் கருத்தைக் கேட்டுத் தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றிருந்தால்தான் 50 மீட்டர் செல்லும். இல்லாவிட்டால் 200 மீட்டர் தொடரும் என்று அதே பத்தியில் எழுதியிருக்கிறது. தரகர்கள் முதல் பாதியை வாசித்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். அவர் வரைபடம் காட்டினால், இது ஒப்புதல் பெற்ற பிரதியா, வரைவா என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

பட்டா, வில்லங்கச் சான்று பற்றிச் சொன்னீர்கள். இரண்டும் தேவைதான், ஆனால் இந்த விஷயத்தில் இரண்டும் ஊமை. நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும். அடமானம் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று சொல்லும். அந்த நிலத்தில் ஒரு செங்கல்லாவது வைக்கலாமா என்பதை இரண்டும் சொல்லாது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதும் கட்டலாம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராக “கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கு உட்பட்டது” என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும்! நிலப் பதிவேடுகள் எல்லாம் கணினிக்கு வந்துவிட்ட காலத்தில் இது பெரிய வேலையா? ஒரு சாதாரண ஆள் வரைபடத்தைத் தேடிப்பிடித்து, தன் மனை எந்த நிறத்துக்குள் விழுகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மீனவர், சட்டம் தனக்குத் தந்த உரிமையில் ஒரு அறை கூட்டிக் கட்ட அலையாய் அலைகிறார். பக்கத்திலேயே விடுதியின் சுற்றுச்சுவர் ஒரே கோடையில் எழுந்துவிடுகிறது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவில்லை.

“அக்கம்பக்கத்தில் எல்லோரும் கட்டியிருக்கிறார்களே, ஊராட்சி அனுமதியே இருக்கிறதே” என்று அடுத்துச் சொல்வார்கள். கொச்சி அருகே மரடில் உள்ளாட்சி அனுமதியோடுதான் அடுக்குமாடிகள் எழுந்தன. கடலோர மண்டல விதிமீறல் என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீடு வாங்கியவர்கள் தெருவில் நின்று அதைப் பார்த்தார்கள். அனுமதி கொடுத்த தவறுக்கு முதலில் வீட்டை இழந்தது வாங்கியவர்தான்.

தண்ணீரையும் ஒரு வார்த்தை. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் எண்ணெய் போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழேயிருக்கும் உப்புநீர் ஏறத்தாழ நாற்பது அடி ஏறிவரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் அளவுக்கு மீறி இறைத்து நடந்தது இதுதான். கடல் உயர உயர இது இன்னும் மோசமாகும். மனையைப் பார்க்கப் போகும்போது, விற்பவர் காட்டும் குழாயை விட்டு, இரண்டு வீடு தள்ளி இருக்கும் கிணற்றில் வைகாசிக் கடைசியில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்துவது தரகரின் தேவை, உங்களுடையது இல்லை. புல எண்ணையும் புல வரைபடத்தின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு உயர் அலைக் கோட்டிலிருந்து தொலைவு எவ்வளவு, எந்த மண்டலம் என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். 200-க்கு மிக அருகில் என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் கட்டணம் செலுத்தி, புல எண்ணோடு கோட்டைப் பொருத்திய பெரிய அளவு வரைபடம் பெறலாம். கட்டணத்தை விற்பவர் ஏற்கட்டும்.

உங்கள் மனைக்கு அதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். அவர்களே 160 என்று ஒப்புக்கொள்கிறார்கள். கிராமத்தின் நெருக்கம் 2,161-ஐத் தாண்டுகிறது என்றும், புதிய வரைபடம் ஒப்புதல் பெற்றுவிட்டது என்றும் இரண்டு காகிதங்கள் கையில் வராதவரை அங்கே வீடு கட்ட முடியாது; வாங்காதீர்கள். சாலைக்கு மேற்கே, 500 மீட்டரைத் தாண்டி மனை பாருங்கள். கழுவெளி ஏரிப் பக்கம் தள்ளிப் போனால் மட்டும் மறுபடி எழுதுங்கள், உப்பங்கழியின் கரைக்குத் தனி அளவு இருக்கிறது.