பிளஸ் டூ மகளுக்குக் கழுத்து வலி: பெல்ட் போடலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நீட் பயிற்சிக்காக மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். இரவில் கட்டிலில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை வைத்துப் படிப்பாள். இரண்டு மாதமாகக் கழுத்திலும் வலது தோள்பட்டையிலும் வலி. மாத்திரை போட்டால் அடங்குகிறது, மறுபடி வந்துவிடுகிறது. கூன் போடாதே என்று சொல்லியும் கேட்பதில்லை. எலும்புத் தேய்மானமா? நிமிர்ந்து உட்கார பெல்ட் வாங்கலாமா? – ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: தேய்மானம் என்ற பயத்தை முதலில் விடுங்கள், அம்மா. இந்த வயதில் இப்படி வரும் வலி பெரும்பாலும் தசை வலிதான். எடுத்தவுடன் எக்ஸ்ரே, ஸ்கேன் தேவையில்லை.

நம் தலை நான்கைந்து கிலோ எடை. குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மடியில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்துத் தலை முன்னால் கவிழ்ந்தே இருந்தால், பிடரித் தசைகள் அத்தனை நேரமும் அதை இழுத்துப் பிடிக்கின்றன. அதற்காக மகளைத் திட்டாதீர்கள். விறைப்பாக நிமிர்ந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வலிக்கத்தான் செய்யும். ஒரே நிலையில் அசையாமல் இருப்பதுதான் சிக்கல். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கட்டும். படிப்பு ஒன்றும் கெட்டுப்போகாது. கட்டிலைவிட மேசை நாற்காலி நல்லது. இல்லையென்றால் மடியில் இரண்டு தலையணை, மேலே ஒரு பலகை வைத்துப் புத்தகத்தை உயர்த்திக்கொள்ளலாம்.

பெல்ட் வேண்டாம். அவளுக்கு வேண்டியது தசை பலம்.

மோவாயை உயர்த்தாமல், தாழ்த்தாமல், அப்படியே பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் தாடைக்குக் கீழே மடிப்பு விழும். பிடரி லேசாக இழுபடும். ஐந்து விநாடி வைத்துவிட்டுத் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து முறை, காலையும் மாலையும். அப்புறம் கதவு நிலையின் இரு பக்கமும் முன்கைகளை வைத்து, நெஞ்சு விரியும்படி ஓரடி முன்வைத்து அரை நிமிடம் நிற்கட்டும். முக்கியமானது மூன்றாவது: உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் நெருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. இந்த மூன்றாவது பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஆறு முதல் எட்டு வாரம் பொறுமையாகச் செய்யட்டும். வலி அதிகமுள்ள நாளில் கால் மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

முதல் தடவை மட்டும் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பழகுவது நல்லது. மதுரை பெரியாஸ்பத்திரியிலேயே அதற்கான பிரிவு இருக்கிறது. சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரிடமும் கழுத்தைக் கொடுத்துவிட வேண்டாம். வெடுக்கென்று திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிய வாய்ப்புண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பக்கவாதம் வரை போகும்.

பையையும் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கைப்படி, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஒற்றைத் தோளில் மாட்டாமல் இரண்டு பட்டையையும் மாட்டட்டும்.

கை மரத்துப்போவது, பேனா பிடிக்க வலுவில்லாமல் போவது, தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.